உன் மதிப்பெண்ணை நீயே சொல்

அப்பா கீழே விழித்திருக்கிறார். காலையில் போன் வரும். அதற்குள் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும்.

என் பெயர் இன்சா. ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் தவறி, அதே வகுப்பில் இரண்டாம் வருடமும் உட்கார்ந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என்னைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

இங்கே ஜெர்மனியின் வடகடல் ஓரம், ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்தில், பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியத்துக்குப் போகிறவர்கள் கால்வாய்க்கு இந்தப் பக்கம், பழைய செங்கல் கட்டடத்தில். அங்கே பதின்மூன்றாம் வகுப்பு வரை படித்துப் பெரிய தேர்வு எழுதினால் பல்கலைக்கழகம். மற்றவர்களுக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறு பள்ளி. பத்தாவது முடித்துத் தொழில் பழகப் போவார்கள். அந்தப் பள்ளியின் பெயரை யாரும் சொல்வதில்லை. "அந்தப் பக்கம்" என்றால் போதும், புரிந்துவிடும்.

அந்தப் பக்கம் போனாலும் பிறகு திரும்பி வரலாம், கதவு திறந்துதான் இருக்கிறது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். என் அப்பா கடல் மடையில் வேலை பார்க்கிறார். எங்கள் நிலம் கடலைவிடத் தாழ்வு. வயல் தண்ணீரைப் பம்ப் வைத்து ஏற்றி, மடை வழியாகக் கடலுக்கு விட வேண்டும். அந்த மடைக் கதவும் திறந்துதான் இருக்கும், தண்ணீர் வெளியே போகிறவரை. கடல் கொஞ்சம் உள்ளே வரப் பார்த்தால் தானாகவே சாத்திக்கொள்ளும். கதவு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வரும்.

வருடத்துக்கு ஒருமுறை நகரத்திலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வருவார், பம்ப்பைப் பார்க்க. கையில் சுருட்டிய வரைபடங்கள். அவருக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுப்பது அப்பாவின் வேலை இல்லை. இருந்தும் அப்பா குனிந்து எடுத்துக் கொடுப்பார். ஏழு வயதில் அதைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன்: வரைபடத்தோடு வருகிற ஆளாக நான் ஆக வேண்டும். யாரும் எனக்குக் குனிய வேண்டாம், பூட்ஸை நானே கொண்டுவருவேன். ஆனால் அதற்குப் பல்கலைக்கழகம் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இந்த வருடம் மறுபடி உட்கார்ந்தால் என்னை இங்கிருந்து அனுப்பிவிடலாம். அடுத்தடுத்த இரண்டு வகுப்பில் தவறினவளை வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லை.

எங்களுக்கு மதிப்பெண் தலைகீழ். ஒன்று மிக நன்று, ஆறு மிக மோசம். நாலு வரை தப்பித்துக்கொள்ளலாம். ஐந்து என்றால் விழுந்தாயிற்று. எனக்குக் கணக்கில் ஐந்து, லத்தீனில் ஐந்து. ஆனால் ஒரு வழி உண்டு. ஒரு ஐந்துக்கு ஒரு மூன்றை ஈடு வைக்கலாம். இங்கிலீஷில் என்னிடம் ஒரு மூன்று இருந்தது. இன்னொரு மூன்று வேண்டும். அது ஜெர்மன் பாடத்தில்தான் வர முடியும். பரீட்சைத் தாளில் நான் மோசமில்லை. ஆனால் வகுப்பில் வாய் திறப்பதற்குத்தான் பாதிக்கு மேல் மதிப்பு. கையைத் தூக்க வேண்டும், பேச வேண்டும். நான் பதிலை முழுசாக யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது அரைகுறையாகச் சொல்லிவிடுவார்கள். அரைகுறைக்கும் மதிப்பெண் உண்டு. யோசித்ததற்குக் கிடையாது.

வாய் மதிப்பெண்ணை எங்கள் ஜெர்மன் ஆசிரியர் மைன்டர்ஸ் சார் நடைவழியில் வைத்துச் சொல்வார். வருடக் கடைசியில் ஒவ்வொருவராக வெளியே கூப்பிடுவார். கூப்பிட்டு, முதலில் ஒரு கேள்வி கேட்பார்: உன்னை நீ எப்படி மதிப்பிடுகிறாய்? நம் மதிப்பெண்ணை நாமே சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அவர் சொல்வார். நிறைய ஆசிரியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளைகளை மதிக்கிற முறையாம்.

அதற்கு முந்தின நாள் ஃபென்னா வீட்டில் இருந்தேன். நான் உட்கார்ந்து, அவள் வகுப்புக்கு வந்து விழுந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து எனக்கு இடம் கொடுத்தவள் ஃபென்னா. எங்கள் வகுப்புத் தலைவி அவள்தான். அவளுடைய அம்மா டாக்டர் ரெம்மர்ஸ், பல் டாக்டர். என் வாயில் இருக்கிற எல்லா அடைப்பும் அவர் அடைத்தவை. வகுப்பின் பெற்றோர் பிரதிநிதியும் அவரே.

டாக்டர் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். சூடு பட்டுக் கோப்பையின் அடியில் கல்கண்டு வெடிக்கிற சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் தேநீர் போதும் என்றால் வாயால் சொல்வதில்லை, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் ஊற்றிக்கொண்டே மகளுக்கு ஒத்திகை நடத்தினார்.

"நான்தான் மைன்டர்ஸ். சொல்லு, உன் மதிப்பெண் என்ன?"

"ரெண்டு," என்றாள் ஃபென்னா, வாயில் கேக்கோடு.

"கேக்கை முழுங்கிட்டுச் சொல்லு. ரெண்டுன்னா ஏன் ரெண்டு?"

"ஏன்னா நான் நல்லா பேசுறேன்."

"இது பதிலா? மூணு உதாரணம் வேணும். என்னைக்கு, என்ன பேசுன, அதனால வகுப்பு எங்க நகர்ந்துச்சு. தேதியோட சொன்னா அவரால மறுக்க முடியாது. அவருக்கே ஞாபகம் இருக்காது பாவம்."

"அம்மா, அவரு என்ன கஸ்டமரா?"

"எல்லாரும் கஸ்டமர்தான் கண்ணு." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லப் போற இன்சா?"

"உள்ளத சொல்லுவேன்."

டாக்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பல்லுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் சிரிப்பாரே, அது. "உள்ளது அவர்கிட்டயே இருக்கும்மா. அதை நீ வேற எதுக்குக் குடுக்கணும்?"

என்னை ஒத்திகை பார்க்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் இரண்டாவது தடவை சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். இரண்டாவது தடவை கேட்பதுதானே முறை. முதல் தடவையே வராத இடத்தில் இரண்டாவது எங்கிருந்து வரும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார் கேட்டா என்னப்பா சொல்ல?"

"எது உண்மையோ அது."

"கொஞ்சம் கூட்டிச் சொன்னா?"

"தன்னத்தானே புகழ்றது நாத்தம் அடிக்கும்டி. எவ்ளோ கழுவுனாலும் போகாது." பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். "இந்தச் சேறாவது போகும்."

மறுநாள் வகுப்பில் ஏதோ பாடத்தை அமைதியாகப் படிக்கச் சொல்லிவிட்டு, மைன்டர்ஸ் சார் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். போய் வருகிறவர்களின் முகத்தை எல்லோரும் பார்ப்போம். ஃபென்னா வந்தாள். மூக்கைச் சொறிகிற மாதிரி இரண்டு விரலைக் காட்டினாள். பின்வரிசையில் ஒருவன், "தேதியெல்லாம் சொன்னியா?" என்று சீண்டினான். அவள் நாக்கை நீட்டினாள்.

என் முறை வருவதற்குள் நான் முடிவு செய்திருந்தேன். மூன்று. மூன்று என்று சொல்லிவிடுவேன். என்னிடமும் மூன்று உதாரணம் இருந்தது. தேதி கூட இருந்தது. ஃபென்னா வீட்டிலிருந்து சைக்கிளில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

நடைவழியில் கோட்டு மாட்டுகிற கொக்கிகளுக்குக் கீழே பெஞ்சு. காலையில் மழை பெய்திருந்ததால் ஈரக் கோட்டுகளின் வாடை. சார் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார், கையில் பென்சில்.

"வா இன்சா. பயப்படாத, நான் கடிக்க மாட்டேன். சரி, உன்னை நீ எப்படி மதிப்பிடுற?"

மூன்று என் நாக்கில் இருந்தது. ஆனால் அவர் அன்பாகப் பார்த்தார். மூன்று என்றால் அந்தப் புருவம் கொஞ்சம் உயரும் என்று தோன்றியது. அந்த உயர்ந்த புருவத்தை என்னால் தாங்க முடியாது. அதோடு இன்னொன்றும் நினைத்தேன். நாலு என்று சொன்னால், "அட, அப்படியெல்லாம் இல்ல, நீ மூணும்மா" என்று அவரே சொல்லுவார். எங்கள் வீட்டில் அப்படித்தான். விருந்தாளி போதும் என்பார், நாம் இன்னொரு துண்டு வைப்போம். வைக்காவிட்டால் அவமரியாதை. அவரே வைத்துவிட்டால் அந்த மூன்று இன்னும் கனமாக இருக்கும். யாரும் நாத்தம் என்று சொல்ல முடியாது.

"நாலு," என்றேன்.

சார் தலையசைத்தார். பென்சிலால் ஏதோ எழுதினார். "நல்லது. தன்னைப் பத்தி இவ்ளோ நேர்மையா பேசுற பிள்ளைங்க ரொம்பக் கம்மி. உண்மையச் சொல்லணும்னா நான் மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அல்லாடிட்டு இருந்தேன். நீயே என் வேலையச் சுலபமாக்கிட்ட."

நான் காத்திருந்தேன். இன்னொரு துண்டு வரும் என்று.

"அடுத்து யாரு, வில்கோவா? அவன அனுப்பு."

அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஃபென்னா என்ன என்று கண்ணால் கேட்டாள். நாலு விரலைக் காட்டுவதற்குப் பதிலாகக் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்தேன், சாரைப் பார்க்க வாங்க என்று. ஏன் என்று சொல்லவில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் ஏதாவது நகரும் என்று நம்பினேன். ஃபென்னாவின் அண்ணனுக்கு ஃபிசிக்ஸில் ஐந்து வந்தபோது டாக்டர் போய்ப் பேசினார். வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அது நாலாகிவிட்டது.

அப்பா வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தலையை ஈரம் தொட்டு வாரியிருந்தார். ஐந்தாம் வகுப்பு அறையில் சந்திப்பு. நாற்காலி அப்பாவுக்குச் சின்னது. முழங்கால் மேஜைக்கு மேலே வந்தது. நான் பக்கத்தில்.

"மொய்ன்," என்று எங்கள் ஊர் வணக்கம் வைத்தார் அப்பா.

"மொய்ன், மிஸ்டர் டாமன். உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு."

"அப்படித்தான் வளத்துருக்கோம்."

"ஆனா இங்க கொஞ்சம் திணறுறா. பாக்கப் பாவமா இருக்கு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனா நிம்மதியா இருப்பான்னு எனக்குத் தோணுது. அங்க முன் வரிசையில இருப்பா. செய்முறை வேலை அதிகம். அவளுக்கு அது பொருந்தும்."

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. "ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

"அவளே தன்னை நாலுன்னுதான் மதிப்பிட்டா," என்றார் சார். "அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருந்தது."

அப்பாவின் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "எங்க வீட்டுல கூட்டிச் சொல்ற பழக்கம் கிடையாது சார்."

"தெரியுது."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." எழுந்து கை கொடுத்தார். "நேரம் ஒதுக்குனதுக்கு ரொம்ப நன்றி."

காரில் உட்கார்ந்ததும், "நல்ல மனுஷன்," என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு வெடித்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு ஐந்து, இரண்டு மூன்று, ஈடு, ஜெர்மனில் மூன்று வந்தால் தப்பிப்பேன், நாலு வந்தால் போச்சு. அப்பா காரைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார்.

"அப்போ நீ ஏன் மூணுன்னு சொல்லல?"

"நீங்கதானே உள்ளத சொல்லுன்னீங்க!"

"உள்ளது நாலா?"

நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

"உள்ளது மூணுன்னா மூணுன்னுதானடி சொல்லணும். கொறச்சுச் சொல்றது மட்டும் என்ன, உண்மையா?"

"அப்போ திரும்பிப் போய்ச் சொல்லுங்கப்பா. இன்னும் உள்ளதான் இருக்காரு. ப்ளீஸ்."

அவர் பள்ளி வாசலைப் பார்த்தார். கதவைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கை குடுத்துட்டு வந்தாச்சு," என்றார். "இப்பப் போய் நின்னா சந்தையில மீனுக்குப் பேரம் பேசுற மாதிரி இருக்கும்." வண்டியைக் கிளப்பினார். வீட்டு வாசலில், "அம்மாகிட்ட இப்ப சொல்லாத, பாவம் ராத்திரி வேலை," என்றார்.

அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

இன்னும் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. ஆசிரியர் கூட்டம். மதிப்பெண் அங்கேதான் உறுதியாகும். அதுவரை ஆசிரியர் மாற்றலாம். யார் மேலே போகலாம், யார் உட்கார வேண்டும், யாரை அனுப்புவது என்று அங்கேதான் கை தூக்குவார்கள். ஆசிரியர்களோடு பெற்றோர் பிரதிநிதியும் மாணவர் பிரதிநிதியும் உட்காருவார்கள். கை தூக்க முடியாது, ஆனால் பேசலாம். வெளியே வந்து யாரிடமும் சொல்லக் கூடாது. எங்கள் வகுப்புக்கு அந்த இரண்டு பேர் டாக்டரும் ஃபென்னாவும்.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என்னை எங்கே அனுப்புவது என்று பேசுகிற அறையில் என் தோழி உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் அவளுடைய அம்மா. எனக்கும் அப்பாவுக்கும் அங்கே இடமில்லை.

மிதிவண்டிக் கொட்டகையில் ஃபென்னாவைப் பிடித்தேன்.

"நான் சாருகிட்ட நாலுன்னு சொல்லித் தொலச்சுட்டேன். கூட்டத்துல நீ பேசணும் டி."

"நானா? என்னன்னு?"

"நான் மூணுன்னு. ஜெர்மன் வகுப்புல அந்த பிஷப் கதைய நடத்தும்போது எல்லாரும் அத நெசம்னு எடுத்துக்கிட்டாங்க, நான்தானே அது கிண்டல்னு சொன்னேன்? அதுக்கப்புறம்தான் வகுப்பே திரும்புச்சு. உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. அன்னைக்கு சார் வாயைப் பொளந்துட்டாரு."

"அத சொல்லு. அது போதும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"லூசு, நீ போயிட்டா நான் யார் பக்கத்துல உக்காருவேன்? அந்த வில்கோ பக்கத்துலயா? அவன் சாக்ஸ் நாத்தத்துக்கே நான் அந்தப் பக்கம் ஓடிருவேன்." என் தலையைத் தட்டினாள். "சத்தியம்."

கூட்டம் இன்றைக்கு மதியம் நடந்தது. மற்றவர்களுக்குப் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் கடலைத் தடுக்கிற மண்கரையின் மேலே ஏறி ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அப்பாவின் மடை தெரியும், இன்னொரு பக்கம் பள்ளியின் கூரை. கூட்டம் முடிந்து நேராக இங்கே வருவதாக ஃபென்னா சொல்லியிருந்தாள்.

வந்தாள். இரண்டு கையிலும் ஐஸ்கிரீம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர முடியாமல் கீழேயே சாய்த்துவிட்டு ஏறி வந்தாள்.

"பிடி, உருகுது. உனக்கு சீபக்தார்ன் பழம், எனக்கு சாக்லேட். அந்தப் புளிப்பை எப்படித்தான் திங்கிறியோ."

வாங்கிக்கொண்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். விடுமுறைக்கு டென்மார்க் போகிறார்கள். அண்ணன் புதிதாக ஒரு பெண்ணோடு சுற்றுகிறான், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆடு அவள் ஷூ கயிற்றைக் கடித்தது, அதற்கு ரொம்ப நேரம் சிரித்தாள். எல்லாம் பேசினாள். என் கையில் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டுக்கு வழிந்தது. அவள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததே இல்லை. எப்போதும் அவரவர் காசுதான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஃபென்னா."

"சொல்லக் கூடாது டி. உறுதி குடுத்துருக்கேன். உனக்கே தெரியும்."

"அவங்க என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கல. நீ என்ன சொன்ன?"

அவள் ஐஸ்கிரீமைப் பார்த்தாள்.

"பிஷப் கதைய சொன்னியா?"

"சொல்லத்தான் போனேன். மைன்டர்ஸ் சார் நல்லவர்தான் தெரியுமா? 'நாலு போட்டுருக்கேன், ஆனா மூணுக்கும் இடம் இருக்கு'ன்னு அவரே ஆரம்பிச்சாரு." மூச்சு விட்டாள். சொல்லக் கூடாததெல்லாம் அவள் வாயிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. "அப்புறம் என்னப் பாத்தாரு. 'ஃபென்னா, நீ அவ தோழி. அவ தன்னை எப்படிப் பாக்குறா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அத்தன வாத்தியாருங்களும். அம்மா வேற பக்கத்துல."

"நீ?"

"அவளே நாலுன்னுதான் சொல்றான்னு சொன்னேன்."

கீழே மடையின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"அது உண்மைதானே?" என்றாள் ஃபென்னா. குரல் உடைந்தது. "நீ சாருகிட்ட சொன்னதத்தானே சொன்னேன்? நான் பொய் சொல்லலையே?"

"உங்க அம்மா?"

"அம்மா ஒண்ணும் தப்பா சொல்லல. உன் மேல அவங்களுக்கு ரொம்பப் பிரியம். பிள்ளைய இங்க வச்சு வதைக்க வேணாம், அங்க போனா மலருவான்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

"எல்லாரும்?"

"ம்."

"மைன்டர்ஸ் சாரும்?"

அவள் ஷூ கயிற்றை இழுத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்: "நீ மூணுன்னு சொல்லியிருந்தா நானும் மூணுன்னு சொல்லியிருப்பேன் டி. எல்லாருமே சொல்லியிருப்பாங்க."

அது உண்மை. அதுதான் தாங்கவில்லை. நான் என்ன விலை சொல்கிறேன் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் என்னை மலிவாகச் சொன்னேன். அதைவிட ஒரு காசு கூட்டித் தர ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஃபென்னா என்னைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம். அடுத்த வருடமும் தினம் பார்க்கலாம், கால்வாய் என்ன கடலா, பாலம் இருக்கிறது என்றாள். அவள் தலைமுடியில் அவள் வீட்டு ஷாம்பூ வாசனை. நான் கட்டிக்கொள்ளவில்லை. கையில் ஐஸ்கிரீம் இருந்தது.

காலையில் அப்பா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வகுப்பாசிரியர் போன் செய்வார். இந்த மாதிரி விஷயத்தைத் தபாலில் வருவதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்லிவிடுவது வழக்கம். பெற்றோர் மறுப்புத் தெரிவிக்கலாம். எதிர்த்து எழுதலாம். அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் போனில் அவர்கள் குரலை வைத்தே பள்ளிக்குத் தெரிந்துவிடும், இந்த வீடு எதிர்த்து எழுதுகிற வீடா, இல்லையா என்று.

எனக்கு அந்தப் பக்கம் போவது பயமில்லை என்று சொன்னால் பொய். பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அப்பா போனை எடுப்பார். கேட்பார். கேட்டு முடித்ததும் நன்றி என்பார். மனதாரச் சொல்வார்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே எத்தனை தடவை ஒத்திகை பார்த்துவிட்டேன், தெரியுமா? மதிப்பெண்? மூணு. ஏன் மூணு? பிஷப் கதை, தேதியோடு. வெள்ளம் பற்றிய விவாதத்தில் நான் மட்டும்தான் மடை எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன், தேதியோடு. மூன்றாவது உதாரணமும் இருக்கிறது. குரல் நடுங்கவே இல்லை. போர்வைக்குள் என்னால் இரண்டு கூட வாங்க முடியும்.

கொஞ்சம் முன்னால் கீழே போனேன். அப்பா சமையலறையில் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடல் ஏற்றம் அதிகமானால் பம்ப் அறையிலிருந்து கூப்பிடுவார்கள், அதற்காக விழித்திருக்கிறார். நான் படிக்கட்டிலேயே நின்றேன்.

"அப்பா."

"தூங்கலையா?"

"காலையில ஸ்கூல்லேருந்து போன் வரும்."

அவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நன்றின்னு மட்டும் சொல்லிராதீங்கப்பா."

"மெனக்கெட்டுப் போன் பண்றவங்களுக்கு நன்றி சொல்லாம?"

"எதுத்து எழுதலாம்ப்பா. உரிமை இருக்கு. நான் சொல்றேன், என்ன சொல்லணும்னு. என்கிட்ட உதாரணம் இருக்கு. தேதியோட இருக்கு."

அப்பா கோப்பைக்குள் பார்த்தார். அடியில் கல்கண்டு இன்னும் கரையவில்லை. கெட்டிலில் இன்னும் தேநீர் இருந்தது.

"அவங்கல்லாம் சேந்து உக்காந்து பேசியிருப்பாங்கடி," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நாம என்ன சொல்லிட முடியும்?"

நான் நின்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நின்றேன். அந்த உதாரணம் என்ன, சொல்லு பார்ப்போம் என்று.

அப்பா கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டார்.